வெள்ளகவியிலிருந்து இறங்கி வந்தவர்கள்

(பெரியகுளத்தில் வாசகர்கள் கூடிய ஒரு மாலை நிகழ்ச்சியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த ஊரில் பிறந்தவர்கள் யாரும் மலையைத் தேடிப் போய்ப் பார்த்தவர்கள் இல்லை. கதவைத் திறந்தால் வடக்கே மலைதான். ஐப்பசி, கார்த்திகையில் மலை இருந்த இடத்தில் மேகம் நிற்கும். ராத்திரி மொட்டை மாடியில் பாயை விரித்துப் படுத்தால் உச்சியில் கொடைக்கானல் விளக்குகள் தெரியும். என் அப்பத்தா அந்த விளக்குகளை விட்டுவிட்டு அதற்கும் கீழே இருட்டாகக் கிடந்த ஒரு பக்கத்தைக் கை காட்டுவார். "அங்கனதான் வெள்ளகவி. நம்ம கடைக்கு வர்றாக பாரு, அவுக ஊரு." வெள்ளகெவி என்றும் சொல்வார்கள். நான் மலை என்று முதலில் தெரிந்துகொண்டது விளக்குத் தெரிந்த ஊரை அல்ல, தெரியாத அந்த ஊரைத்தான்.

மலைக்குப் போனால் பிள்ளைப்பிராயம் ஏன் திரும்பி வருகிறது என்று பேசச் சொன்னார்கள். பொதுவாகப் பேச எனக்கு மனமில்லை. நமக்கு மேலே, நம் கண் முன்னால் இருக்கிற இந்த ஒரு ஊரை வைத்தே பேசுகிறேன்.

கொடைக்கானலிலிருந்து வட்டக்கானல் வரை வண்டி போகும். அங்கிருந்து டால்பின் நோஸ் பாறைக்கு நடந்து, அதற்கும் கீழே சோலைக்குள் ஒத்தையடிப் பாதையில் இறங்கினால் வெள்ளகவி வரும். அதே பாதையில் இன்னும் இறங்கினால் நம் கும்பக்கரை. மேலே கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர். பெரியகுளம் 300 மீட்டரை ஒட்டி. இந்த இரண்டுக்கும் நடுவில், சரிவில், வெள்ளகவி இருக்கிறது. கும்பக்கரையில் குளிக்கிற எல்லாருக்கும் யானை கெஜம், பாம்பு கெஜம் என்று பள்ளங்களின் பெயர் தெரியும். அந்தத் தண்ணீர் இறங்கி வரும் மலையில் யார் குடியிருக்கிறார்கள் என்பது பல பேருக்குத் தெரியாது.

கொடைக்கானல் என்ற நகரம் உண்டாகும் முன்பே அது ஊர். 1821-இல் பி. எஸ். வார்டு என்கிற ராணுவ லெப்டினன்ட் பழனி மலையை அளக்க வந்தார். அவர் தங்கிய இடம் வெள்ளகவி. குன்னுவர் என்ற மலைமக்கள் வாழ்ந்த அந்த ஊரில் முகாம் போட்டு, அங்கிருந்துதான் மேலே ஏறி இன்றைய கொடைக்கானல் இருக்கும் பகுதியைப் பார்த்தார். சும்மா ஏறியிருக்க முடியாது. அந்தச் சோலையில் வழி தெரிந்தவர்கள் முன்னால் நடந்திருக்க வேண்டும், சங்கிலியையும் கருவிகளையும் அரிசி மூட்டையையும் யாரோ தூக்கியிருக்க வேண்டும். வார்டு பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. முன்னால் நடந்தவர் பெயர் நான் படித்த எதிலும் இல்லை. இன்று நான் சொல்லவந்தது முழுக்க இந்த ஒன்றைப் பற்றித்தான்.

அதற்கு 24 ஆண்டு கழித்து, 1845-இல், மதுரை அமெரிக்க மிஷன் குடும்பங்கள் மேலே வீடு கட்டின. காய்ச்சலும் காலராவும் அவர்கள் வீட்டு ஆட்களைக் கொண்டுபோய்க்கொண்டிருந்த காலம். முதலில் சிறுமலையில் இருந்து பார்த்தார்கள். அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. பிறகுதான் கொடைக்கானல். சன்னிசைடு, ஷெல்டன் என்ற அந்த இரண்டு வீடுகளிலிருந்து நகரம் வளர்ந்தது. 1863-இல் லெவிஞ்சு என்ற வெள்ளைக்கார அதிகாரி ஏரியை உண்டாக்கினார். 1875-இல் அம்மையநாயக்கனூர் வரை ரயில் வந்தது. ரயிலிலிருந்து இறங்கி, ராத்திரி முழுக்க மாட்டு வண்டியில் நம் பக்கம் வந்து, கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பில் விடியும்போது இறங்குவார்கள். அங்கிருந்து செண்பகனூர் வழியாக 12 மைல் ஏத்தம். மோட்டார் சாலை 1914 வாக்கில்தான் கட்டி முடிந்தது. அதுவரை கொடைக்கானலின் கதவும் ஜன்னலும் கட்டிலும் மருந்தும், துரைமாரும் துரைசானிமாரும் அவர்கள் பிள்ளைகளும் மட்டக்குதிரையில், டோலியில், மனிதத் தலையிலும் தோளிலும் ஏறித்தான் போய்ச் சேர வேண்டியிருந்தது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். என் அப்பாவுக்குத் தென்கரையில் மளிகைக் கடை. பக்கத்துக் கமிஷன் கடைக்கு வெள்ளகவிச் சரக்கு இறங்கும். விடியலுக்கு முன்பே மலையிலிருந்து புறப்பட்டு, வெயில் ஏறுவதற்குள் வந்துவிடுவார்கள். மட்டக்குதிரைகளின் கழுத்துமணிச் சத்தம் முதலில் கேட்கும். பிறகு ஆட்கள். எல்லாரும் வெறுங்கால். தலையில் சும்மாடு, அதன் மேல் சாக்கு, அதற்குள் எலுமிச்சை, காப்பிக்கொட்டை, மிளகு, பலா, மலை ஆரஞ்சு. சாக்கை அவிழ்த்துத் தரையில் கொட்டுவார்கள். அந்த ஆரஞ்சு வாசம் கடைத்தெரு முழுக்கப் பரவும். எலுமிச்சையை எண்ணுகிற பெரியவர் முதல் கைக்கு "லாபம்" என்று சொல்லித் தொடங்கி, இரண்டு, மூன்று என்று ராகம் போட்டுக்கொண்டே போவார். நான் பள்ளிக்கூடப் பையோடு நின்று அந்த ராகத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எண்ணி முடித்துக் கணக்குத் தீர்ந்ததும் அவர்கள் எங்கள் கடைக்கு வந்து அரிசி, உப்பு, பருப்பு, மண்ணெண்ணெய் வாங்குவார்கள். இறங்கி வந்த சாக்கிலேயே அரிசி ஏறும். கோணி ஊசியால் வாயைத் தைத்து, அதே தலையில் வைத்து, அதே மலையில் ஏறிப் போவார்கள். ஏறுகிற சுமைதான் இறங்கின சுமையைவிடக் கனம் என்பதை அந்த வயதில் நான் யோசித்ததில்லை. ஒரு அம்மாள் எனக்கு ஒரு ஆரஞ்சைத் தந்து, "மலைக்கு வாரியா சாமி? மரத்துல ஏறிப் பறிச்சுக்கலாம்" என்று கேட்டார். அந்த ஒரு வார்த்தையை வைத்து நான் மனசுக்குள் ஒரு ஊரையே கட்டி வைத்திருந்தேன்.

படித்து, வேலைக்குப் போய், ஊர் ஊராக இருந்து, தலை நரைத்த பிறகுதான் வெள்ளகவிக்குப் போக வாய்த்தது. வட்டக்கானல் வழியாக இறங்கினேன். பாதையில் பல இடங்களில் வேர்தான் படி. மழை பெய்திருந்ததால் பாறை வழுக்கியது, காலில் அட்டை ஏறியது. ஒரு திருப்பத்தில் சோலை விலகி, கீழே சமவெளி தெரிந்தது. நம் ஊர்க் கண்மாய்கள், மாந்தோப்புகள். சின்ன வயதில் நான் நின்று மேலே பார்த்த இடத்தை மேலே இருந்து பார்த்தேன். அங்கே தொண்டை அடைத்துக்கொண்டது. நான் சாதாரணமாக அழுகிற ஆள் இல்லை.

ஊர் எல்லையில் ஒரு மரத்தடியில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். வெள்ளகவிக்குள் யாரும் செருப்புப் போட்டு நடப்பதில்லை. வீட்டுக்கு வீடு ஒட்டினாற்போலச் சின்னச் சின்னக் கோயில்கள், வாசலைத் தாண்டினால் சாமி. ஊரையே கோயிலாக வைத்திருக்கிறார்கள். கடைத்தெருவில் வெறுங்காலோடு வந்த அந்த வரிசை எனக்கு ஞாபகம் வந்தது. ஏழ்மையால் அப்படி வந்தார்கள் என்றே நம் கடைத்தெருவில் பேசுவார்கள். காலை வைத்து ஆளை எடைபோட்ட பேச்சு அது.

ஒரு வீட்டு முற்றத்தில் காப்பிப் பழம் காயப் போட்டிருந்தது. சிவப்புப் பழம் கறுத்து, தோல் சுருங்கி, உள்ளே கொட்டை கலகலவென்று ஆடும் பதம். ஒரு பாட்டி குனிந்து கையாலேயே துழாவி விட்டுக்கொண்டிருந்தார். உள்ளே கூப்பிட்டு, கருப்பட்டி போட்ட கடுங்காப்பி தந்தார். அவர் வீட்டுக்காரர் திண்ணையில் இருந்தார். என் அப்பா கடையைச் சொன்னதும் அடையாளம் தெரிந்துகொண்டார். "தராசுல கல்லைக் கூடக் கொறைய வைக்காத மனுசன்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஆரஞ்சு வாசத்தைப் பற்றி, குதிரை மணியைப் பற்றி, எலுமிச்சை எண்ணுகிற ராகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் சொன்னார்:

"ஒங்களுக்கு வாசம் நெனப்பிருக்கு தம்பி. எனக்குப் பிடரி வலிதான் நெனப்பிருக்கு. பத்து வயசுல சும்மாடு கட்டுனேன். இறங்கையில முழங்காலு நடுங்கும், ஏறையில மூச்சு முட்டும். எங்க அம்மா பிரசவத்துக்குக் கெடந்தப்போ கம்பளியில தூளி கட்டித் தூக்கிட்டு எறங்குனாக. நானும் பந்தம் பிடிச்சிட்டு ஓடுனேன். பாதி வழியிலேயே முடிஞ்சுபோச்சு."

பாட்டி, "விருந்தாளிக்கு முன்னால எதுக்கு அதெல்லாம்" என்றார். அவர் நிறுத்தவில்லை. எந்த வளைவில் சுமையை இறக்கி மூச்சு வாங்குவார்கள், எந்தச் சுனையில் கோடையிலும் தண்ணீர் இருக்கும், காட்டுமாடு எந்தப் பக்கம் மேயும், மிஷன் பங்களாக்காரர்களுக்கு முட்டை கொண்டுபோன தன் தாத்தா எவ்வளவு கூலி வாங்கினார் என்று பொழுது சாயும்வரை சொன்னார். ஒவ்வொரு பாறைக்கும் அவரிடம் ஒரு பெயர் இருந்தது. ஆரஞ்சு எங்கே போயிற்று என்று கேட்டேன். மரங்கள் நோய் விழுந்து ஒவ்வொன்றாகப் பட்டுப்போனதைச் சொன்னார். பழனி மலையின் கீழ்ச்சரிவு முழுக்க ஆரஞ்சுக்கு நேர்ந்தது அதுதான்.

நண்பர்களே, அன்று ராத்திரி அந்தத் திண்ணையில் படுத்து யோசித்ததைத்தான் இங்கே வைக்கிறேன். ஒரே பாதை, ஒரே காலம், இரண்டு பிள்ளைப்பிராயம். என்னுடையது வாசமும் சத்தமும். அவருடையது எடை. இரண்டும் உண்மை. ஆனால் மலையைப் பற்றி எழுதப்படுவதில் பெரும்பாலும் என்னுடைய வகைதான் இருக்கிறது.

ஊரைப் பிரிந்த ஏக்கத்தை முதலில் ஒரு நோயாக எழுதி வைத்ததும் மலைநாட்டுக்காரர்களைப் பார்த்துத்தான். 1688-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்தில் ஜோகன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் தன் ஆய்வேட்டில் இதை விவரித்தார். பெர்ன் நகரத்திலிருந்து பாசெலுக்குப் படிக்க வந்த ஓர் இளைஞன் சாகக் கிடந்தான். ஊருக்கு அனுப்புகிறோம் என்று புறப்பட வைத்ததுமே வழியிலேயே தேறிவிட்டான். அதற்குப் பிறகு ஷாய்க்சர் என்ற சுவிஸ் அறிஞர், மலையில் வளர்ந்த உடம்பு சமவெளிக் காற்றின் அழுத்தத்தைத் தாங்காததுதான் காரணம், நோயாளியை ஒரு குன்றிலோ கோபுரத்திலோ ஏற்றி வைத்தால் குணமாகும் என்று சொன்னார். காற்றழுத்தக் கதை தப்பு என்று இன்று நமக்குத் தெரியும். ஆனால் அவர்கள் யாருடைய ஏக்கத்தைக் கவனித்தார்கள் என்று பாருங்கள். வெளியூருக்குப் படிக்கப் போன, வேற்று நாட்டுப் படைகளில் கூலிக்குச் சண்டை போடப் போன மலைநாட்டுப் பையன்களுடைய ஏக்கத்தை. மலையை விட்டு இறங்க வேண்டி வந்தவனுடைய ஏக்கம் அது. நம்முடையது நேர்மாறு. மலையில் பிறக்காத நாம் மலையை நினைத்து ஏங்குகிறோம்.

கொடைக்கானலிலும் இதே கதைதான். மிஷன் பிள்ளைகளுக்காக 1901-இல் தொடங்கிய பள்ளி, ஹைகிளர்க் என்று பெயர் பெற்று, பின்னாளில் கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி ஆனது. அங்கே வளர்ந்த அமெரிக்கப் பிள்ளைகள் கிழவர்களான பிறகும் ஏரியையும் பனியையும் தேடித் திரும்பி வருகிறார்கள். நினைவுகளை எழுதுகிறார்கள். நூறு ஆண்டு நிறைவுக்கு 1945-இல் சார்லட் வைக்காஃப் கொடைக்கானலின் வரலாற்றை எழுதினார். 1972-இல் நோரா மிட்செல் அந்த நகரத்தைப் பற்றிச் சிகாகோ பல்கலைக்கழகத்துக்காக ஒரு முழு ஆய்வு நூலே எழுதினார். அருமையான உழைப்பு, நான் மதிக்கிறேன். அந்தப் பிள்ளைகளின் பாசமும் பொய்யில்லை. ஆனால் அவர்களைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறியவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களும் அதே பனியில்தான் வளர்ந்தார்கள். அவர்கள் நினைவு எந்த நூலகத்தில் இருக்கிறது? குன்னுவர் நினைவும், அவர்களுக்கும் முன்னால் அந்தக் காட்டில் இருந்த பளியர் நினைவும் பெரும்பாலும் பேச்சில்தான் இருக்கின்றன. பேசுகிறவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் சிறுவனாகப் பார்த்த மலைதான் அசல் மலை, அதற்குப் பிறகு எல்லாம் கெட்டுவிட்டது என்று நானும் பேசியவன்தான். டேனியல் பாலி என்ற மீன்வள அறிஞர் 1995-இல் எழுதியது இங்கேயும் பொருந்தும். ஒவ்வொரு தலைமுறையும் தன் இளமையில் கண்டதையே இயற்கையின் முழு அளவு என்று எடுத்துக்கொள்கிறது என்றார். என் பிராயத்திலேயே பழனி மலையின் மேல்மட்டப் புல்வெளிகளில் யூகலிப்டஸும் வாட்டிலும் பைனும் நட்டிருந்தார்கள். அந்த மரங்களின் வாசம்தான் எனக்கு மலை வாசம். அந்தத் திண்ணைப் பெரியவருடைய தாத்தாவுக்குத் தாத்தா அதை முகர்ந்திருந்தால், அது என்ன மரம் என்றிருப்பார்.

அடுத்து, சாலை. இதைச் சொல்லாமல் இறங்கினால் என் மனம் ஆறாது. வெள்ளகவிக்குச் சாலை வேண்டும் என்று அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்தவர்கள். பாம்பு கடித்தாலும் பிரசவ வலி கண்டாலும் டோலி கட்டித் தூக்கிய ஊர். சுற்றிலும் காடு. பழனி மலைக் காடுகளில் பெரும் பகுதி 2013-இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் ஆகிவிட்டது. சோலையை வெட்டி இழுக்கிற சாலையில் மண்ணும் சரியும், கடையும் விடுதியும் பின்னால் வரும். வட்டக்கானலுக்கு வாரக் கடைசியில் போய்ப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கூட்டத்தைக் கட்டுப்படுத்த உயர்நீதிமன்றம் தலையிட்டு 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வைக்கும் நிலைமை வந்தது. ஆகவே காட்டைப் பற்றிய கவலை நியாயமானது. சாலை எவ்வளவு அகலம், யார் வண்டி போகலாம், எந்தச் சோலையைத் தொடக் கூடாது என்று வனத்துறையும் ஊரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யட்டும்.

நான் எதிர்ப்பது வேறொன்றை. "அந்த ஊர் அப்படியே இருந்தால்தான் அழகு, சாலை வந்தால் போச்சு" என்று கீழே இருந்து சொல்கிற குரலை. அந்தக் குரல் நம் ஊரில் நிறையக் கேட்கிறது. நமக்கு இதமான ஒரு ஞாபகம் கலையாமல் இருப்பதற்காக இன்னொருவர் வீட்டுப் பெண் கம்பளித் தூளியில் இறங்க வேண்டுமா? என் சின்ன வயது ஞாபகத்துக்கு அந்த மலையைப் பற்றிச் சாட்சி சொல்ல உரிமை உண்டு. அங்கே குடியிருப்பவர்கள் எப்படி வாழ வேண்டும் என்று உத்தரவு போட உரிமை இல்லை. இதில் எனக்கு இரண்டாவது கருத்துக் கிடையாது.

சாட்சி சொல்லும் வேலை நிறைய இருக்கிறது. இந்த அவையில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் பாதிக்கு மேல் இருக்கிறீர்கள். தென்கரைக் கடைத்தெருவில் மலைச் சரக்கு இறங்கியதைக் கண்ணால் பார்த்தவர்கள் நீங்கள். எந்தக் கடையில் எந்தச் சரக்கு, என்ன விலை, எந்தக் கிழமை கூட்டம், சுமைக்கு என்ன கூலி, கடன் எப்படிக் கொடுத்தார்கள், எடையில் யார் ஏமாற்றினார்கள் என்று உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள். கசப்பானதையும் சேர்த்து எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் பேரப்பிள்ளைகள் செல்போனில் பதிவு செய்யட்டும். இளைஞர்களே, வெள்ளகவிக்குப் போவதென்றால் வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் உயிரிழந்த மாவட்டம் இது. எல்லை மரத்தடியில் செருப்பைக் கழற்றுங்கள். சாப்பிட்டால் காசு கொடுங்கள், காப்பியும் மிளகும் அவர்கள் கையிலேயே வாங்குங்கள். அருவியையும் பாறையையும் படம் எடுத்த பிறகு, திண்ணையில் இருக்கும் பெரியவரிடம் அந்தப் பாறையின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

வெள்ளகவியிலிருந்து இறங்கி வந்து இந்த ஊரிலேயே தங்கிவிட்ட குடும்பங்களும் இங்கே இருக்கின்றன. உங்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் சொல்ல, நாங்கள் எழுதி, உங்களிடமே படித்துக் காட்டி, நீங்கள் சரி என்ற பிறகு அச்சுக்குக் கொடுப்போம். வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறது. போகும்போது பெயரையும் தெருவையும் எழுதிவிட்டுப் போங்கள். தை பிறந்ததும் வீடு தேடி வருகிறோம்.